பேய் வந்தது, நீலி வந்தாள்

அவையோருக்கு வணக்கம்.

'பேய் வந்தது' என்கிறோம். 'முனி வந்தான்' என்கிறோம். 'நீலி வந்தாள்' என்கிறோம். மூன்றும் இருட்டில் வருபவைதான். ஆனாலும் வினைமுற்று ஒவ்வொன்றுக்கும் மாறுகிறது. பேய் என்பது அஃறிணை. அதற்கு ஒரு பெயர், ஒரு ஊர், செத்த விதம் என்று மூன்று செய்தி தெரிந்துவிட்டால் 'அது' போய் 'அவள்' வந்துவிடுகிறாள். தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் இதைக் கவனித்திருக்கிறது. தெய்வத்தைக் குறிக்கும் பெயர்களுக்கென்று தனி ஈறு கிடையாது, அவை உயர்திணைக்குரிய பால் ஈறுகளைக் கொண்டே இசைக்கும் என்கிறது அந்த நூற்பா.

இன்று பேச எடுத்துக்கொண்டது, நாட்டார் கதைகளில் வரும் விந்தை உயிர்களின் பெண் வடிவங்கள். கதை சேகரிப்பவர்களையும், படம் வரைபவர்களையும், மொழிபெயர்ப்பவர்களையும் மனத்தில் வைத்தே பேசுகிறேன். ஏனென்றால் தவறு பெரும்பாலும் இந்த மூன்று இடங்களில்தான் நடக்கிறது. அரக்கன் என்றால் அரக்கி, நாகன் என்றால் நாகினி, யட்சன் என்றால் யட்சி என்று விகுதியை மாற்றிவிட்டால் பெண் வடிவம் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். வருவதில்லை. அவளுக்குப் பிறப்பு வேறு, வேலை வேறு, உடலில் உள்ள குறி வேறு, அவளைக் கட்டும் முறையும் வேறு. அந்த நான்கையும் கேட்காமல் வரைகிற படம், ஆணுக்குச் சேலை கட்டிவிட்ட படமாகத்தான் வரும்.

முதலில் சொல்லிலிருந்தே தொடங்குவோம். ஸ்பிங்ஸ் எல்லோருக்கும் தெரியும். எகிப்தில் கீசாவில் படுத்திருக்கும் பெரிய சிலை சுமார் 73 மீட்டர் நீளம், 20 மீட்டர் உயரம். சிங்க உடல், அரசனின் தலை. இது ஆண். கிரேக்கத்துக்கு வந்தபோது அதே உயிர் பெண்ணாகிவிட்டது. இறக்கை முளைத்தது, விடுகதை போட ஆரம்பித்தது, விடை சொல்லத் தெரியாதவர்களைக் கொன்றது. டெல்பியில் நாக்சோஸ் தீவினர் கி.மு. 560-ஐ ஒட்டி நிறுத்திய ஸ்பிங்ஸ், தூணோடு சேர்த்துச் சுமார் 12 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருந்தது. அது பெண். கிரேக்க மொழியில் அந்தச் சொல்லே பெண்பால். அதனால் எகிப்துக்குப் போன கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் அங்குள்ள சிலைகளைக் குறிப்பிடும்போது வெறுமனே ஸ்பிங்ஸ் என்று எழுத முடியவில்லை. முன்னால் ஒரு சொல்லை ஒட்டி 'ஆண்ட்ரோஸ்பிங்ஸ்', அதாவது ஆண்-ஸ்பிங்ஸ், என்று எழுதினார். இங்கே பெண்தான் இயல்பான வடிவம். ஒட்டு தேவைப்பட்டது ஆணுக்கு.

எகிப்திலேயே பெண் ஸ்பிங்ஸ் இல்லாமல் இல்லை. கி.மு. 15-ஆம் நூற்றாண்டில் ஆண்ட அரசி ஹட்செப்சுட்டின் முகத்தோடு கருங்கல்லில் செய்த ஒன்று இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எடை சுமார் 7 டன். முகம் அரசியின் முகம். தாடையில் மட்டும் அரசர்களுக்குரிய ஒட்டுத்தாடி. பெண் அரசரானபோதும் அந்த உயிருக்குரிய ஆண் சின்னத்தைச் சிற்பி விடவில்லை. ஆகவே ஒரு சிலையைப் பார்த்ததும் தாடி இருக்கிறது, ஆண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தாடி யாருடையது, பதவிக்கா உடலுக்கா என்று கேட்க வேண்டும்.

இதற்கு நேர் எதிராக நடந்ததும் உண்டு. டெல்பியில் அப்பலோ என்ற கிரேக்கத் தெய்வம் கொன்ற பாம்பைப் பைத்தான் என்று படித்திருக்கிறோம். ஆண் பெயர். ஆனால் அப்பலோவைப் போற்றும் பழைய ஹோமர் வழித் துதிப்பாடலில் ஊற்றுக்கரையில் இருப்பது 'டிரகைனா', பெண் நாகம். அவளுக்கு அங்கே பெயரே கிடையாது. டைஃபான் என்ற அசுரனை எடுத்து வளர்த்தவள் என்ற செய்தி மட்டும் உண்டு. பின்னால் வந்தவர்கள் பெயர் வைத்தார்கள். வைத்தபோது ஆண் பெயராக வைத்துவிட்டார்கள். வளர்ப்புத் தாய் என்ற செய்தி கதையிலிருந்து மெல்லக் கழன்றுகொண்டது. பால் மாறும்போது எப்போதும் இப்படி ஒரு செய்தியும் கூடவே போகிறது. எது போயிற்று என்று தேடுவதுதான் நம் வேலை.

அடுத்தது சைரன், பாட்டால் மாலுமிகளை இழுத்து அழிக்கும் கிரேக்கக் கதைப் பெண். தமிழில் இந்தச் சொல்லுக்குப் பலர் 'கடற்கன்னி' என்று போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். ஒடிசி காவியத்தில் சைரன்கள் கடலுக்குள் இல்லை. ஒரு புல்வெளியில் உட்கார்ந்திருக்கிறார்கள், சுற்றிலும் மனித எலும்புக் குவியல். எத்தனை பேர்? அங்கே வரும் சொல் இருமை எண்ணில் இருக்கிறது, ஆக இரண்டு பேர். அவர்கள் உடம்பு எப்படி இருந்தது என்று கவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் காவியத் தலைவன் ஒடிசியஸுக்குக் காட்டும் ஆசையும் அழகு பற்றியதல்ல. டிராயில் நடந்தது எங்களுக்குத் தெரியும், உலகில் நடப்பதெல்லாம் தெரியும், கேட்டுவிட்டுப் போனால் அறிவு கூடும் என்கிறார்கள். மாலுமிகளின் காதில் மெழுகு, தலைவனுக்குப் பாய்மரத்தில் கட்டு என்று முன்னேற்பாடு செய்ததெல்லாம் காதுக்காகத்தான், கண்ணுக்காக அல்ல. கண்ணைக் கட்டியதாக எங்கும் இல்லை.

கிரேக்கக் குயவர்கள் சைரனைப் பறவை உடலும் பெண் தலையுமாக வரைந்தார்கள். மிகப் பழைய ஓவியங்களில் தாடி வைத்த சைரன்களும் இருக்கின்றன. காலப்போக்கில் அவை மறைந்து பெண் மட்டுமே நின்றாள். மீன்வால் பிறகுதான் வருகிறது. 7, 8-ஆம் நூற்றாண்டு இலத்தீன் நூல் ஒன்றில் சைரனுக்குச் செதிலுள்ள மீன்வால் சொல்லப்படுகிறது. அதன்பின் பறவையும் மீனும் சில நூற்றாண்டுகள் பக்கம்பக்கமாக வாழ்ந்து, கடைசியில் மீன் வென்றது. ஸ்பானிய, இத்தாலிய மொழிகளில் இன்றும் கடற்கன்னிக்கு 'சிரேனா' என்றுதான் பெயர். எனவே நீங்கள் மொழிபெயர்க்கும் நூலின் காலத்தைப் பாருங்கள். கிரேக்கம் என்றால் பறவை. பழைய கதையில் மீன்வாலை ஒட்டினால், அவள் எப்படிப் புல்வெளியில் உட்கார்ந்திருந்தாள் என்று வாசகர் கேட்பார், பதில் இருக்காது.

இணையாகவே பிறந்த உயிர்கள் சீனத்தில் உண்டு. 'ஃபெங்ஹுவாங்' என்ற பறவையில் ஃபெங் ஆண், ஹுவாங் பெண். 'சீலின்' என்ற கொம்புள்ள விலங்கில் சீ ஆண், லின் பெண். இரண்டு பெயரையும் சேர்த்துச் சொன்னால் இனம். ஃபெங்ஹுவாங் பிற்காலத்தில் அரண்மனைச் சின்னமானபோது பேரரசருக்கு டிராகன், பேரரசிக்கு ஃபெங்ஹுவாங் என்று ஆயிற்று. டிராகனுக்கு எதிரில் வைத்ததால் ஜோடிப் பறவை முழுவதும் பெண்ணாகிவிட்டது. உள்ளே இருந்த ஆண் என்ன ஆனான்? கரைந்துவிட்டான். ஓர் உயிர் ஆணா பெண்ணா என்பதை அதன் உடம்பு மட்டும் தீர்மானிப்பதில்லை, எதிரில் யாரை நிறுத்தியிருக்கிறார்கள் என்பதும் தீர்மானிக்கிறது.

அதே நாட்டின் வாயில் சிங்கங்களைச் சற்றுக் கிட்டப் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் வரைபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. வாசலின் இரு பக்கமும் ஒவ்வொன்று. இரண்டுக்கும் சுருள்சுருளான பிடரி. காட்டுச் சிங்கத்தில் பெண்ணுக்குப் பிடரி இல்லை என்று நமக்குத் தெரியும். அதனால் பிடரி உள்ள இரண்டையும் ஆண் என்று எழுதிவிடுகிறோம், அல்லது படத்தில் ஒன்றின் பிடரியைச் சிரைத்துவிடுகிறோம். இரண்டும் பிழை. காலைப் பாருங்கள். ஆணின் வலது முன்கால் ஒரு பந்தின் மேல் இருக்கும். பெண்ணின் இடது முன்கால் ஒரு குட்டியின் மேல் இருக்கும். குட்டி பெரும்பாலும் மல்லாந்து கிடந்து தாயின் பாதத்தோடு விளையாடும். வெளியிலிருந்து வாசலைப் பார்த்து நிற்பவருக்கு வலப்பக்கம் ஆண், இடப்பக்கம் பெண். பழைய சிலைகளில் குட்டி தேய்ந்து ஒரு கல்லுருண்டை மாதிரி ஆகிவிட்டிருந்தால் பந்து என்றே தோன்றும். அப்போது எந்தக் கால் என்று பார்த்தால் போதும், குழப்பம் தீர்ந்துவிடும்.

கலப்பு உயிர்களில் பெண் வடிவம் செய்வது உண்மையிலேயே ஒரு கைவேலைச் சிக்கல். குதிரை மனிதர்களான கெண்டார்களின் பழைய கதைகள் பெரும்பாலும் ஆண் கூட்டம்தான். குடித்துக் கலகம் செய்வது, பெண்களைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, இதற்கு மனைவியர் தேவைப்படவில்லை. கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த ஸியூக்ஸிஸ் என்ற ஓவியர் ஒரு பெண் கெண்டாரை வரைந்தார். மூல ஓவியம் ரோமுக்குப் போகும் வழியில் கப்பலோடு மூழ்கிவிட்டது. அதன் நகலைப் பார்த்த லூசியன் என்ற பழைய எழுத்தாளர் எழுதி வைத்திருக்கிறார். அவள் புல்லில் படுத்திருக்கிறாள், குதிரைப் பகுதி தரையில், பெண் பகுதி முழங்கையில் ஊன்றி எழுந்து. இரண்டு குட்டிகள். ஒன்று மனிதப் பிள்ளையைப் போல அவள் மார்பில் பால் குடிக்கிறது, மற்றொன்று குதிரைக்குட்டியைப் போலப் பின்னால் மடியில் குடிக்கிறது. லூசியன் வியந்தது வேறொன்றை. பெண்ணுடல் எங்கே முடிந்து குதிரையுடல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாமல் நிறத்தைப் படிப்படியாக நகர்த்தியிருந்தார் ஓவியர். ஆணில் இந்தக் கேள்வி எழவே இல்லை. பெண்ணை வரைய வந்தபோதுதான் இந்த உயிருக்குக் குழந்தை எப்படிப் பிறக்கும், எந்தப் பாலைக் குடிக்கும் என்று யோசிக்க வேண்டியதாயிற்று. என்னைக் கேட்டால், அந்த இரண்டு குட்டிகளை வரைந்த நிமிடத்தில்தான் கெண்டார் ஓர் இனமாக ஆனது.

நம் பக்கத்து யட்சிக்கு வருவோம். யட்சர்களின் தலைவன் குபேரன். குட்டை உருவம், தொந்தி, செல்வத்துக்குக் காவல். யட்சியிடம் இதில் ஒன்றும் கிடையாது. அவள் மரத்துக்குரியவள். மத்தியப் பிரதேசத்தில் இருந்த பார்ஹுத் பௌத்தத் தூபியின் தூண்களில் யட்சிகள் பெயர் பொறித்து நிற்கிறார்கள். சந்திரா என்பவள் மரத்தைக் காலால் சுற்றிப் பின்னிக்கொண்டு கிளையைப் பிடித்திருக்கிறாள். பெண்ணின் கால் பட்டால் அசோகு பூக்கும் என்ற நம்பிக்கை இந்தச் சிற்பத்துக்குப் பின்னால் இருக்கிறது. சமணத்தில் 24 தீர்த்தங்கரர்களுக்கும் ஆளுக்கொரு யட்சனும் யட்சியும் உண்டு. காகிதத்தில் சரிபாதி. வழிபாட்டில் அப்படி இல்லை. நேமிநாதரின் அம்பிகை, பார்சுவநாதரின் பத்மாவதி என்று யட்சிகள்தான் தனியே கும்பிடப்பட்டார்கள். யட்சி தமிழில் இயக்கி ஆனாள், தென்கோடியில் இசக்கி ஆனாள், மடியில் பிள்ளையோடு கோயில் கொண்டாள். இயக்கன் எங்கே போனான் என்று தேட வேண்டியிருக்கிறது. யட்சியை யட்சனின் மனைவி என்று அடிக்குறிப்பு எழுதுபவர்கள் இந்த வரலாற்றைக் கவனிப்பதில்லை.

திருமுருகாற்றுப்படையின் பேய்மகளையும் ஒரு நொடி பார்த்துவிடுவோம். உலர்ந்த கூந்தல், பிறழ்ந்த பல், பிளந்த வாய், சுழலும் விழி. காதில் கூகையும் பாம்பும் தொங்குகின்றன. நாற்றமெடுத்த கருந்தலை ஒன்றைக் கையில் ஏந்தித் துணங்கை ஆடுகிறாள். இவ்வளவும் அச்சம். ஆனால் தலையை ஏந்திய அந்தக் கைக்குப் புலவர் கொடுக்கும் அடைமொழி 'ஒண்தொடித் தடக்கை'. ஒளிவிடும் வளை அணிந்த கை. அந்த வளையை எடுத்துவிட்டால் அது வெறும் பேய். வளைதான் அவளை மகளாக்குகிறது.

ஒரே உயிர், ஆணுக்கு ஒரு கதை, பெண்ணுக்கு இன்னொரு கதை என்பதற்கு எனக்குத் தெரிந்து செல்கியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகளில் சொல்லப்படும் நீர்நாய் மனிதர்கள். நீர்நாய் என்று வசதிக்காகச் சொல்கிறேன். ஆற்று நீர்நாயை நினைக்க வேண்டாம், கடலில் வாழும் சீல். தோலைக் கழற்றினால் மனித உருவம், மாட்டிக்கொண்டால் சீல். இதுவரை ஆணும் பெண்ணும் ஒன்று.

பெண் செல்கி கரைக்கு வந்து தோலைப் பாறையில் கழற்றி வைத்துவிட்டு நிலவில் ஆடுகிறாள். ஒருவன் ஒளிந்திருந்து தோலைத் திருடுகிறான். தோல் இல்லாமல் திரும்ப முடியாது. அவனுக்கு மனைவியாகிறாள், பிள்ளை பெறுகிறாள், வீட்டு வேலையில் குறை வைப்பதில்லை. ஆனால் ஓய்ந்த நேரமெல்லாம் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவன் தோலைப் பெட்டியிலோ கூரைச் சரிவிலோ மறைத்திருப்பான். பல ஆண்டுகளுக்குப் பிறகு, பெரும்பாலும் சின்னப் பிள்ளை ஒன்று தெரியாமல் இடத்தைச் சொல்லிவிடும். அன்றே போய்விடுவாள்.

ஆண் செல்கியின் கதையில் திருட்டே கிடையாது. அவன் விரும்பி வருகிறான், விரும்பிப் போகிறான். அழகன். கணவனோடு ஒத்துப்போகாத பெண் அவனை அழைக்கலாம். கடல் பொங்கும் வேளையில் கரையில் நின்று ஏழு துளிக் கண்ணீரைக் கடலில் விட வேண்டும். ஆறு போதாது. அவன் தோலை யாரும் ஒளித்து வைத்ததாகச் சொல்வது அரிது. ஆண் செல்கியை வைத்து எழுத வந்த ஒருவர், 'அவன் தோலை அவள் திருடினாள்' என்று பாலை மட்டும் திருப்பிப் போட்டால், கதை உயிரோடு இருக்காது. பூட்டு பெண்ணின் கதைக்கு உரியது, அழைப்பு ஆணின் கதைக்கு உரியது.

கழற்றி வைத்த உடையைத் திருடுவது உலகமெங்கும் உள்ள கதைமுடிச்சு. அன்னப்பெண் என்ற பெயரில் கதை அட்டவணைகளில் அதற்குத் தனி எண்ணே உண்டு. பறவைப் பெண்ணான கின்னரி மனோகரையின் கதையும் இதற்கு உறவுதான். ஜாவாவில் உள்ள போரோபுதூர் பௌத்தத் தூபியில் முதல் சுற்றின் கீழ்வரிசையில் 20 கல்படங்களில் அவள் கதை ஓடுகிறது. வேடன் பாசக்கயிற்றில் பிடித்து இளவரசனிடம் கொடுக்கிறான். அவளுடைய பறக்கும் ஆற்றல் முடிமணியில் இருக்கிறது. அவள் உயிருக்கு ஆபத்து வந்தபோது அந்த மணியை அவள் கையில் திருப்பிக் கொடுப்பது மாமியார். மாமியார் காப்பாற்றுகிற கதை எத்தனை உண்டு சொல்லுங்கள்.

இதுவரை சொன்னவர்கள் பிறவியிலேயே அப்படிப்பட்டவர்கள். இன்னொரு வகை, பெண்ணாகப் பிறந்து பிறகு ஆனவர்கள். ஜப்பானிய நோ நாடகத்தில் ஹன்னியா என்ற முகமூடி இருக்கிறது. பொறாமையாலும் துயரத்தாலும் பெண் ஒருத்தி அரக்கியாவதற்கு உரியது. ஹன்னியா என்ற சொல் மெய்யறிவு என்று பொருள்படும் வடமொழிப் பிரஜ்ஞா என்பதன் ஜப்பானிய ஒலிப்பு. சைப்ரஸ் வகை மரத்தில் குடைந்து, சிப்பிப் பொடி கலந்த வெள்ளை பூசி, கண்ணுக்குப் பொன்னிறம் இடுவார்கள். மாற்றம் மூன்று படியில் நடக்கிறது. முதல் படியில் கொம்பு இப்போதுதான் முளைத்த குட்டைக் கொம்பு, இன்னும் திரும்பி வர வழி உண்டு. நடுப்படிதான் ஹன்னியா. மூன்றாவதில் அவள் முழுப் பாம்பு. அந்த முகமூடியில் காது இருக்காது, அறவுரை இனிக் கேட்காது என்பதற்காக. நிறத்திலும் செய்தி உண்டு. உயர்குடிப் பெண்ணுக்கு வெள்ளை ஹன்னியா, எளிய குடிப் பெண்ணுக்குச் சிவப்பு.

இந்த முகமூடியை நேராகப் பார்த்து வரைபவர்கள் பாதியைத்தான் வரைகிறார்கள். நடிகர் அதை மேலே நிமிர்த்தினால் பல்லும் கொம்பும் தெரிந்து சீறுகிறது. சற்றுக் கீழே சாய்த்தால் புருவத்துக்கு அடியில் நிழல் விழுந்து, அதே முகம் அழுகிறது. சிற்பி இரண்டுக்கும் சேர்த்துத்தான் நெற்றி மேட்டைச் செதுக்கியிருக்கிறார். நெற்றியில் கலைந்து ஒட்டிய முடியிழைகள் பெண் முகமூடிகளிலிருந்து தொடர்ந்து வந்தவை. அவற்றை விட்டுவிட்டு வரைந்தால் ஆண் அரக்கனாகிவிடும்.

நம்முடைய நீலியும் ஆனவள்தான். திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் நடந்ததாகச் சொல்லும் கதை. வணிகன் கொன்ற மனைவி பேயாகி, மறுபிறப்பெடுத்த அவனைத் தேடி வருகிறாள். அவனிடம் மந்திரித்த கத்தி இருக்கிறது. அது இருக்கும்வரை நெருங்க முடியாது. ஆண் முனியாக இருந்தால் இங்கே மோதல் நடக்கும். நீலி வழக்குத் தொடுக்கிறாள். கள்ளிக்கொம்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். இவர் என் கணவர், என்னை விட்டு ஓடுகிறார் என்று வேளாளர் எழுபது பேர் கூடிய சபையில் அழுகிறாள். பிள்ளை அவனைப் பார்த்து 'அப்பா' என்கிறது. இரவு தங்கச் சம்மதிக்கிறேன், ஆனால் அந்தக் கத்தியால் என்னைக் கொன்றுவிடுவார், அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். சபை வாங்கி வைத்துக்கொள்கிறது. அவன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்கிறார்கள். காலையில் அவன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீக்குளிக்கிறார்கள். நீலிக்கண்ணீர் என்று இன்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். அந்தக் கண்ணீர் குறிவைத்தது ஒரு கத்தியை. அவளுக்குக் கிடைத்த ஆயுதம் மனைவி என்ற உறவுமுறை. அந்த உறவை வைத்துச் சபையையே தன் பக்கம் திருப்பி, காவலைக் காவலர்களைக் கொண்டே அகற்றுகிறாள்.

உறவுமுறையை வைத்தே விரட்டியதும் உண்டு. மெசொப்பொத்தாமியாவில் 6, 7-ஆம் நூற்றாண்டுகளில் மண்கிண்ணங்களின் உட்புறம் சுருள்சுருளாக மந்திரம் எழுதி வீட்டுத் தரைக்குள் கவிழ்த்துப் புதைத்தார்கள். அவற்றில் லிலித் என்ற பேயை 'ஆண் லிலித்தும் பெண் லிலித்தும்' என்று இரண்டையும் பெயர் சொல்லி விலக்குகிறார்கள், ஒன்று தப்பிவிடக் கூடாதே என்று. சில கிண்ணங்களில் எழுதியிருப்பது விவாகரத்துப் பத்திரத்தின் வாசகம். உன்னைத் தள்ளி வைத்தோம், பத்திரம் கொடுத்தாயிற்று, போ என்று.

மலாய் நாட்டு லங்சுயிர் என்ற பேய் பிரசவத்தில் இறந்தவள். 1900-இல் அச்சான வால்டர் ஸ்கீட்டின் பதிவில் அவள் பச்சை ஆடை உடுத்தியவள். நீண்ட நகம், கணுக்கால் தொடும் கூந்தல். அந்தக் கூந்தல் பிடரியில் உள்ள ஒரு துளையை மறைக்கிறது, அதன் வழியாகத்தான் குழந்தைகளின் இரத்தத்தை உறிஞ்சுகிறாள். பிரசவத்தில் இறந்த பெண் இப்படி ஆகாமலிருக்க உடலை அடக்கம் செய்யுமுன் வாயில் கண்ணாடி மணிகள், ஒவ்வொரு அக்குளிலும் ஒரு கோழிமுட்டை, உள்ளங்கைகளில் ஊசி. வாய் திறந்தால் மணி சிந்தும், அதனால் அலற மாட்டாள். கையை இறக்கையாக வீசினால் முட்டை உடையும், அதனால் பறக்க மாட்டாள். விரலை மடக்கினால் ஊசி குத்தும், அதனால் கையை விரித்து மூட மாட்டாள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு காரணம். 'சடங்கு செய்தார்கள்' என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டால் இந்த மூன்றும் தொலைந்துபோகும். அதே பதிவில் பொந்தியானாக் என்பது அவளுடைய செத்துப் பிறந்த குழந்தை. இன்று அந்தப் பெயர் தாய்க்குப் போய்விட்டது, ஆடையும் வெள்ளையாகிவிட்டது. எந்த ஆண்டில், எந்த ஊரில் கேட்டது என்று குறிக்காத பதிவை வைத்து இவற்றைப் பிரிக்கவே முடியாது.

ஆகவே சேகரிக்கப் போகிறவர்களுக்குச் சிலது சொல்கிறேன். சொல்பவர் பயன்படுத்தும் பிரதிப்பெயரை அப்படியே எழுதுங்கள். ஒரே கதைக்குள் 'அது' என்று தொடங்கி நடுவில் 'அவள்' என்று மாறுவார்கள்; அதைத் திருத்திச் சீராக்கிவிடாதீர்கள், மாறிய இடத்தில்தான் கதை திரும்புகிறது. 'இதில் ஆண் உண்டா' என்று நேராகக் கேட்காதீர்கள். மரியாதைக்காக உண்டு என்று சொல்லிவிடுவார்கள், அன்று ஒரு புது உயிர் உங்களால் பிறந்துவிடும். ஆண்கள் போனால் என்ன செய்யும், பெண்கள் போனால் என்ன செய்யும் என்று கேளுங்கள். உடற்குறியைக் கேளுங்கள். ஸ்வீடனின் காட்டுப் பெண்ணுக்கு முன்புறம் அழகு, முதுகு உளுத்த மரம்போலக் குழிவு. அதனால்தான் அவள் ஒருபோதும் முதுகைக் காட்டித் திரும்புவதில்லை. முதுகைக் கேட்காமல் விட்டால் அவள் ஏன் பின்னோக்கி நடக்கிறாள் என்பது புரியாது. யார் முன்னிலையில் கதை சொல்லப்பட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிரசவத்தில் இறந்தவளின் கதையைப் பெண்கள் மட்டும் இருக்கும்போது சொல்வதற்கும் ஆண்கள் இருக்கும்போது சொல்வதற்கும் முடிவே மாறும்.

கடைசியாக, பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, கேட்டால் பதில் வராமல் போவதும் இல்லை. லங்சுயிரின் நகத்தையும் கூந்தலையும் வெட்டி அந்தப் பிடரித் துளைக்குள் திணித்துவிட்டால் சாதாரணப் பெண்ணாகி, மனைவியாக, தாயாகப் பல ஆண்டு வாழ்வாள். ஊர்க்கொண்டாட்டத்தில் ஆட விட்டால் மட்டும் பழைய உருவம் திரும்பிக் காட்டுக்குள் பறந்துவிடுவாள். பெண் செல்கியின் பிள்ளைகள் கரையில் நிற்கிறார்கள். அருகே ஒரு சீல் தலையை நீட்டி அவர்களைப் பார்த்துக்கொண்டே நீந்துகிறது. ஆண் செல்கியின் பிள்ளைகள் சில கதைகளில் தாயிடமே வளர்கிறார்கள். ஏழு துளிக் கண்ணீர் விட்ட ஆர்க்னிப் பெண்ணின் கதையில் ஒவ்வொரு குழந்தையும் விரல்களுக்கிடையே சவ்வோடு பிறந்தது. மருத்துவச்சி கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொரு விரலிடுக்காக அதை வெட்டிவிட்டாள். வெட்டிய சவ்வு தன் வழியில் வளர முடியாமல் உள்ளங்கையில் தடித்த தோலாகக் காய்த்தது. அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகக் கை அப்படியே இருந்ததென்று அங்கே சொல்வார்கள்.